ஞாயிறு ஆடாதவன்

ஆவடி
14.9.86

அன்புள்ள அண்ணனுக்கு,

ஞானகுமாரி எழுதுகிறேன். நீங்கள் ஜபல்பூர் போய்ச் சேர்ந்ததும் போட்ட கார்டு வந்தது. அம்மா அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு மூச்சிரைப்பு இப்போது குறைவு. தம்பி ஜோசப்பும் நானும் நன்றாக இருக்கிறோம். உங்களுக்குச் சப்பாத்தி ஒத்துக்கொள்கிறதா?

ஒரு விஷயம். உதயம் கிளப்புக்கு இன்னும் மேனேஜர் இல்லை. நேற்று தலைவர் பக்தவத்சலம் சார் வீட்டுக்கு வந்தார். போகிற மேனேஜர்தான் வருகிறவரின் பெயரைச் சொல்ல வேண்டும், கிளப் தொடங்கியதிலிருந்து அதுதான் வழக்கம், நீங்கள் மாற்றல் வந்த அவசரத்தில் யாரையும் சொல்லாமல் ரயிலேறிவிட்டீர்கள் என்றார்.

"ஓட்டுப் போட்டா அடிதடி ஆயிடும்மா. கிறிஸ்துதாஸ் ஒரு பேரு எழுதட்டும். எவன் பேரா இருந்தாலும் நாங்க வாயத் தொறக்க மாட்டோம்."

இரண்டு பேர் பெயர் அடிபடுகிறது. மெஷின் ஷாப் நாகப்பன். சார்ஜ்மேன் கோதண்டம். நாகப்பன் வந்தால் கப் வரும், நாலு பேருக்குப் பல் போகும் என்கிறார்கள். கோதண்டம் சார் பந்தை உதைத்தே பார்த்ததில்லை என்று ஜோசப் சிரிக்கிறான்.

யார் வந்தாலும் ஜோசப்பைப் பின்வரிசையில் நிறுத்த வேண்டும். மார்ச்சில் தொழிற்சாலையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள். லீக் ஆட்டங்களை வந்து பார்ப்பார்களாம். வயது வரம்பில் அவனுக்கு இதுதான் கடைசி வருடம். உங்களுக்கு மாற்றலாகிவிட்டதால் இந்த குவார்ட்டர்ஸ் ஜூன் வரைதான். அவன் வேலைக்குப் போனால் அவன் பெயருக்குக் கேட்டுப் பார்க்கலாம். அம்மாவுக்கு இதெல்லாம் சொல்லவில்லை.

குளிர் தொடங்குமுன் ஒரு கம்பளி வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கை,
ஞானகுமாரி


ஜபல்பூர்
2.10.86

குமாரிக்கு,

நான் சுகம். நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே மழை விட்டுவிட்டது. மெஸ் சாப்பாட்டில் உப்பு கிடையாது. அதை அம்மாவிடம் சொல்லாதே.

பதில் தாமதம். ஒரு பெயர்தானே என்று உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

மேனேஜர் மாறும்போது ஜெர்சி மாறாது. பதினோரு பேரும் மாறுவதில்லை. ஒருவன் தலைக்குள் இருந்தது மட்டும் போய்விடும். யாரைத் திட்டினால் ஓடுவான், யாரைத் திட்டினால் உட்கார்ந்துவிடுவான். யார் பொய்யாக நொண்டுவான். பந்து, பம்ப், விசில் எல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். இதைப் போட முடியவில்லை. இங்கே எடுத்து வந்துவிட்டேன். இங்கே அதற்கு வேலை இல்லை.

அதில் ஒன்றை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

ஜோசப்பின் வலது முட்டி. இரண்டு வருடம் முன்பு பூந்தமல்லியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். உள்ளே ஒரு நார் பாதி கிழிந்திருக்கிறது. ஒரு நாள் ஆடினால் மறுநாள் ஆடக் கூடாது, ஆடினால் மொத்தமாகப் போகும் என்றார். நம் லீக்கில் சனியும் ஆட்டம், ஞாயிறும் ஆட்டம். அதனால் அவன் சனி மட்டும் ஆடினான். ஞாயிறு மாலை சர்ச்சில் பாடகர் குழு என்று எல்லோரிடமும் நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டதற்காக அவனைக் குழுவிலும் சேர்த்தேன். அவன் பாட்டு உனக்குத் தெரியும்.

ஆள் எடுக்க வருகிறவர்கள் முதலில் மேனேஜரைத்தான் கேட்பார்கள். பையனுக்குப் பழைய அடி ஏதாவது உண்டா என்று. நான் இருந்திருந்தால் இல்லை என்பேன். மெடிக்கலில் உட்கார்ந்து எழச் சொல்வார்கள். அது அவனால் முடியும். முன்கூட்டி யாரும் வாய் திறக்காதவரை போதும்.

நாகப்பன் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து இழுத்துப் போவான். கோதண்டம் அப்படி இல்லை. செவ்வாய்தோறும் மாங்காடு அம்மன் கோயிலுக்குப் போகிறவர். அடுத்தவர் சாமி காரியத்தில் கை வைக்க மாட்டார். ஆனால் அவரிடம் முட்டியைப் பற்றி மூச்சு விடாதே. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுகிற மனிதர்.

கோதண்டம் என்று சொல்லிவிடு.

கிறிஸ்துதாஸ்


ஆவடி
26.10.86

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவுக்கு மட்டும் மழைக்காற்றில் இரண்டு நாள் இழுப்பு வந்தது. இப்போது இல்லை. உங்கள் உடம்பைப் பற்றி இரண்டு வரி கூடுதலாக எழுதலாம்.

நீங்கள் சொன்ன பெயரைச் சொன்னேன். யாரும் வாய் திறக்கவில்லை. நாகப்பன் மட்டும் பீடியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனாராம்.

கோதண்டம் சார் எல்லோருக்கும் முன்னால் மைதானத்துக்கு வந்துவிடுகிறார். பக்கெட்டை எடுத்துக்கொண்டு முள், கண்ணாடித் துண்டு எல்லாம் பொறுக்குகிறார். பிறகுதான் விசில். ஆட்டம் தெரியவில்லை, ஆனால் தெரியாததைக் கேட்கிறார். "ஆஃப்சைடுன்னா இன்னாபா, இன்னொரு தபா சொல்லு" என்று பையன்களிடமே கேட்கிறாராம். முதலில் சிரித்தார்கள். இப்போது சிரிப்பதில்லை.

ஜோசப்பிடம் முதல் வாரமே கேட்டிருக்கிறார்.

"இன்னாபா, ஞாயித்துக்கெயம வரமாட்டியாமே?"

"சர்ச்சுல பாடணும் சார்."

"பாடு, பாடு. சாமி காரியத்துல நா குறுக்க நிக்க மாட்டேன்."

பக்கத்தில் நின்ற நாகப்பன், "பாட்டுப் பாடியே கோலு தடுப்பாரு போல, அண்ணாத்தே" என்றாராம். இப்போது எல்லோரும் ஜோசப்பை 'பாகவதர்' என்று கூப்பிடுகிறார்கள்.

சனி ஜெயிக்கிறார்கள். ஞாயிறு தோற்கிறார்கள். சரியான ஆளைத்தான் சொல்லியிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதை உங்களுக்கு எழுத வேண்டும் என்றும் தோன்றியது.

ஞானகுமாரி


ஆவடி
24.11.86

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அங்கேயும் அப்படியே என்று நினைக்கிறேன். போன கடிதத்துக்கு உங்கள் பதில் வரவில்லை.

நேற்று மழையில் ஆட்டம் ரத்து. மாலை ஆராதனைக்குப் போயிருந்தோம். கடைசி பெஞ்சில் கோதண்டம் சார்.

செருப்பையும் குடையையும் வாசலில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். எல்லோரும் எழும்போது கொஞ்சம் தாமதமாக எழுந்தார். கண்ணை மூடச் சொன்னபோது மூடவில்லை, பாடகர் குழுவையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்து வெளியே வந்ததும் என்னிடம் வந்தார்.

"கூட்டமா பாட்றாங்க. அதுல உங்க தம்பி கொரலு எங்க கீதுன்னே தெர்லியேம்மா. அவன் இல்லன்னா பாட்டு நின்னுடுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர் சொன்னதைக் கேட்டு நின்றுவிட்டது.

"சனிக்கெயம ஆட்டம் முடிஞ்சி பூட்ஸக் கயட்டுவான் பாரு, அப்ப அவன் மூஞ்சியப் பாத்துகினே இருப்பேன். பாவம்மா. நாளிக்கு ஆட முடிலியேன்னு அப்டி ஒரு ஏக்கம் அந்த மூஞ்சில."

அது வலி, அண்ணா.

"நா போதகர் ஐயாவ ஒரு வார்த்த கேக்கட்டுமா? மரியாதயாத்தான் கேப்பேன். நேரத்த ஒரு மணி தள்ளி வச்சா பையனுக்கு சாமியும் ஆச்சு, ஆட்டமும் ஆச்சு. அடுத்த மார்ச்சுக்குள்ள அவன ஆளாக்கிடணும்மா. உங்க அண்ணன் என்ன நம்பித்தான பேரு சொன்னாரு."

போதகர் கண்டிப்பானவர், ஒப்புக்கொள்ள மாட்டார் என்று சொல்லி அனுப்பினேன். நீங்களே கோதண்டம் சாருக்கு ஏதாவது எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

ஞானகுமாரி


ஜபல்பூர்
20.12.86

குமாரிக்கு,

பண்டிகை வாழ்த்து. அம்மாவுக்கும் ஜோசப்புக்கும். இங்கே கடுங்குளிர், காலையில் குழாய்த் தண்ணீர் கையைக் கடிக்கிறது. கம்பளி வாங்கிவிட்டேன். இருமல் சாதாரணமானது.

கோதண்டத்துக்கு எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். கிழித்தேன். முட்டியைச் சொல்லாமல் ஞாயிறு ஆடவிடாதீர்கள் என்று எப்படி எழுதுவது. சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவரைப் போன்ற ஒருவரிடம் எப்படிக் கேட்பது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் முட்டி போகும்.

இரவல் கொடுத்த வீட்டை ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது. உள்ளே இருப்பவர் நன்றாகவே வைத்திருக்கிறார். பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறார். எந்த ஓடு தளர்ந்திருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரியாது.

நாகப்பனைச் சொல்லியிருந்தால் ஜோசப் சண்டை போட்டு விலகியிருப்பான். நல்லவரிடம் சண்டை போட முடிவதில்லை. அதை நான் யோசிக்கவில்லை.

போதகர் நேரத்தை மாற்ற மாட்டார். என் சிறு வயதிலிருந்து அந்த மணி ஐந்தரைக்குத்தான் அடிக்கிறது. பொறுத்துப் பார்ப்போம்.

கிறிஸ்துதாஸ்


ஆவடி
5.1.87

அன்புள்ள அண்ணனுக்கு,

புது வருடம் உங்களுக்கு நல்லதாக இருக்கட்டும். இருமலுக்கு மிளகும் பாலும் சாப்பிடுங்கள். அம்மாவுக்கு இந்த வாரம் முழுவதும் சந்தோஷம். அதனால்தான் எழுதுகிறேன்.

புது வருட ஆராதனையில் போதகர் அறிவித்துவிட்டார். இந்த மாதம் முதல் மாலை ஆராதனை ஏழு மணிக்கு. "நம்முடைய சகோதரன் ஜோசப்ராஜ் தேவன் கொடுத்த தாலந்தை மண்ணில் புதைத்து வைக்கக் கூடாது. வேறு மார்க்கத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் வந்து அவனுக்காக என்னிடம் பேசினார். எனக்கே வெட்கமாக இருந்தது" என்றார். கோதண்டம் சாரை முன்னால் அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். சபை முழுவதும் ஆமென் சொன்னது. அம்மா அழுதுவிட்டார்கள். உதயம் கிளப்புக்காக ஜெபமும் செய்தார்கள். ஜோசப் தலையைத் தூக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவனைத் தனியாகக் கேட்டேன். எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

"வுடுக்கா. சபையே எயுந்து நின்னு ஜெபம் பண்ணிக்கீது. இப்ப போயி இன்னான்னு சொல்றது?"

"முட்டி போயிடும்டா."

"நானும் ஒரு தபா ரெண்டு நாளும் ஆடிப் பாக்கறேனே. எல்லாரும் ஆட்றானுங்க."

அதைச் சொல்லும்போது அவன் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி இருந்தது, அண்ணா.

பொங்கல் முடிந்து வருகிற சனி ஞாயிறுதான் முதல் ஆட்டங்கள். கோதண்டம் சார் வீடு இரண்டு லைன் தள்ளித்தான். நானே போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் எது போகும் என்று நீங்கள் எழுதியதால் என் கால் நகரவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீளமாக எழுத வேண்டாம். சொல், அல்லது சொல்லாதே. ஒரு கார்டு போதும்.

ஞானகுமாரி


ஆவடி
19.1.87

அண்ணனுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். அம்மா நலம்.

கார்டு வரவில்லை.

சனி ஆடினான். நேற்று ஞாயிறும் ஆடினான். இரண்டும் ஜெயம். கோதண்டம் சார் மைதானத்தில் குதித்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். பாகவதரே, பாகவதரே என்று ஜோசப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நேராக சர்ச்சுக்கு வந்து நின்றுகொண்டே பாடினான்.

இன்று காலை முட்டி தேங்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. அம்மா கண்ணில் படாமல் கைலியை இழுத்து இழுத்து விட்டுக்கொள்கிறான். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். சுளுக்கு என்று அம்மாவிடம் சொன்னேன். நானும் ஆரம்பித்துவிட்டேன்.

ஞானகுமாரி


ஜபல்பூர்
3.2.87

குமாரிக்கு,

அம்மாவின் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது. எனக்கு இருமல் நின்றுவிட்டது.

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. முதலாவது வந்து கொஞ்ச நாளாயிற்று.

சொல் என்று ஒரு கார்டில் எழுதினேன். சொல்லாதே என்று இன்னொன்றில். இரண்டும் மேஜை மேல் இருந்தன. தபால் பெட்டி ஹாஸ்டல் வாசலிலேயே இருக்கிறது.

விடுப்பு கேட்டேன். மார்ச் முடியும்வரை இல்லை என்றார்கள்.

இப்படிச் செய். ஜோசப்பை ஜுரம் என்று படுக்கச் சொல். சனி ஆடட்டும். ஞாயிறு காலை ஜுரம் வரட்டும். ஒவ்வொரு வாரமும் வர முடியாதுதான். இரண்டு வாரத்துக்கு வரலாம். அதற்குள் நான் ஏதாவது யோசிக்கிறேன்.

கிறிஸ்துதாஸ்


ஆவடி
10.2.87

அண்ணனுக்கு,

ஜுரக் கடிதம் நேற்று வந்தது. திங்கட்கிழமை.

ஞாயிறு நடந்ததை எழுதுகிறேன். அண்ணனூர் அணியுடன் ஆட்டம். வீக்கம் வடிந்துவிட்டது என்று ஜோசப் சனியும் ஆடியிருந்தான். ஆள் எடுக்கிறவர்கள் மார்ச்சில்தான் வருவதாக இருந்தது. கோதண்டம் சார்தான் அவர்கள் ஆபீசுக்கு நாலு தரம் நடந்து, பெரிய அணியோடு ஆடுகிற அன்றைக்கே வந்து எங்கள் பையனைப் பாருங்கள் என்று அழைத்து வந்திருக்கிறார். இரண்டு பேர் வந்தார்கள். நாற்காலி போட்டிருந்தது. நான் கயிற்றுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர்கள் கேட்டது எனக்குக் கேட்டது.

"பையனுக்குப் பழைய அடி ஏதாவது உண்டா?"

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாது சார். சர்ச்சுல பாட்ற புள்ள. பீடி கூட தொட மாட்டான்."

உள்ளதைச் சொல்கிற மனிதர். தனக்குத் தெரிந்த உள்ளதைச் சொன்னார்.

முதல் பாதியில் ஜோசப் யாரையும் தாண்டவிடவில்லை. நாற்காலியில் இருந்தவர் ஒருவர் எழுந்து நின்றே பார்த்தார். அவன் அப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை. இரண்டாம் பாதியில், பந்து அவன் பக்கத்தில் கூட இல்லை, யாரும் தொடவும் இல்லை, திரும்பினான். அப்படியே உட்கார்ந்துவிட்டான். கத்தவில்லை. காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கோதண்டம் சார் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடினார். அந்த வயதில். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, இது இன்றைக்குக் கிழிந்தது மட்டுமில்லையே, முன்பே அடிபட்டிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று கோதண்டம் சார்தான் சொன்னார். டாக்டர் ஜோசப்பைப் பார்த்தார். ஜோசப் சுவரைப் பார்த்தான்.

இனி ஆட முடியாது. நடக்க மூன்று மாதம் ஆகலாம். வந்தவர்கள் ஆட்டம் முடியுமுன்பே போய்விட்டார்களாம்.

அம்மா சாப்பிடுகிறார்கள். உங்களிடம் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவீர்கள் என்றார்கள்.

ஞானகுமாரி


ஆவடி
15.3.87

அண்ணனுக்கு,

ஜோசப் கட்டையை ஊன்றிக் குளியலறை வரை போகிறான். அம்மாவுக்கு மறுபடி இழுப்பு. எனக்கு ஒன்றுமில்லை. ஒரு மாதமாக உங்களிடமிருந்து எதுவும் இல்லை. உடம்பு சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கிளப்பில் கூட்டம் போட்டு கோதண்டம் சாரை எடுத்துவிட்டார்கள். "பந்துன்னா இன்னான்னு தெரியாத ஆளுகிட்ட குடுத்தா, ஆள ஒடச்சித்தான் குடுப்பாரு" என்று நாகப்பன் கத்தினாராம். "கிறிஸ்துதாஸ் நம்பி ஒரு பேரு சொன்னான். அவன் தம்பி காலையே காவு குடுத்துட்டாரு" என்றாராம் பக்தவத்சலம் சார். கோதண்டம் சார் பந்துச் சாக்கை மேஜை மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறார். இப்போது லைனில் நடக்கும்போது யாரும் அவருக்கு வணக்கம் சொல்வதில்லை. போதகர்கூட ஒதுங்கிப் போகிறார்.

நேற்று வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. டாக்டரு பழசுன்றாரு. ராவும் பகலும் அதான் ஓடுது. உங்க அண்ணனுக்கு இது தெரியுமா?"

ஜோசப் கட்டிலில் இருந்தான். அம்மா கூடத்தில் இருந்தார்கள். அவர்களுக்கும் இதுவரை தெரியாது.

தெரியாது என்றேன்.

"அதான் பாத்தேன். தெரிஞ்சிருந்தா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமயா பூடுவாரு. நல்ல மனுசன். அப்ப நாந்தாம்மா. வாராவாரம் அந்த மூஞ்சியப் பாத்துகினு இருந்தேன். எனக்குத்தான் படிக்கத் தெர்ல."

பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். காபி குடித்தார். ஜோசப்பிடம், "இன்னா பாகவதரே, பாட்டையாவது வுடாத" என்றார். ஜோசப் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

அவர் இனி கேட்க மாட்டார். நீங்களும் இதையே சொல்லுங்கள், யார் கேட்டாலும்.

ஐயப்பன்தாங்கலில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். ஒரு அறை, ஒரு சமையலறை. ஜூனில் போய்விடுவோம். அடுத்த மேனேஜருக்கும் நீங்கள்தான் பெயர் எழுத வேண்டுமாம். "இந்த தபா நல்லா யோசிச்சு" என்று பக்தவத்சலம் சார் சொல்லச் சொன்னார்.

ஞானகுமாரி


ஜபல்பூர்
4.4.87

குமாரிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். வெயில் தொடங்கிவிட்டது.

என்னிடம் பெயர் இல்லை. ஓட்டுப் போட்டுக்கொள்ளட்டும்.

அம்மாவுக்குச் சூடம் கலந்த எண்ணெயை நெஞ்சில் தடவு. ஜோசப்பிடம் தினமும் காலை நீட்டி மடக்கச் சொல், வலித்தாலும். நீ வேளைக்குச் சாப்பிடு. ஐயப்பன்தாங்கல் வீட்டில் காற்று வருமா என்று பார்த்து எழுது. போதகரை விசாரித்ததாகச் சொல். பக்தவத்சலம் சாரையும்.

அதற்கு அடுத்த வரியை நான் அடித்திருக்கிறேன். கோதண்டத்தை விசாரித்ததாக ஒரு வரி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். பார்க்காதே.

கிறிஸ்துதாஸ்